சிவன் வேஷத்துக்கு ஆள் இல்லை: மலையகத்தில் ஆறு நாள்

முதல் நாள்

"மன்மதனுக்கு ஏழு பேர் பேர் குடுத்திருக்கானுக மருமவனே. ரதிக்கு மூணு பேரு. சிவனுக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். கடைசியில நான்தான் போடுறேன்."

மாமா போனில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன். கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிடும் சாமி, கூத்தில் மட்டும் வேண்டாதவராகிப் போனாரா? "வந்து பாரு, தெரியும்" என்று வைத்துவிட்டார்.

அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதையை மாசியில் ஆடுவது, சில வருடமாக நின்றுபோயிருந்தது. முதலில் கொரோனா. அப்புறம் மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலம். அதற்கப்புறம் ஆடுவதற்கு ஆள் இல்லை, இளந்தாரிகள் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். இந்த மாசியில் மறுபடி கம்பம் நட்டிருக்கிறார்கள் என்றதும் ஆறு நாள் லீவு போட்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில். மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம், மடியில் அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பம். பேராதனை தாண்டியதும் காற்று மாறிவிடும், கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். நாவலப்பிட்டிவரை பாதை 1874இல் வந்தது. ஹட்டனுக்கு வர இன்னும் பத்து வருடம் பிடித்தது. கோப்பியை இறக்கப் போட்ட பாதை இது. கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை வந்தபின் தேயிலையை இறக்கியது. பிறகு ஆட்களையும் இறக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில், தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படிப் போனவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குக் கிளம்பிய ரயிலுக்கு இங்கே 'அழுகைக் கோச்சி' என்று பேர். அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், அக்கா அதில்தான் போனார்.

ஹட்டனில் இறங்கும்போது தூறல். மாமா குடை இல்லாமல் நிற்கிறார், கையில் மஞ்சள் காப்புக் கயிறு. "மீன் திங்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொம்பள பக்கம் திரும்பக்கூடாது. அறுபத்தொரு வயசுல இதுல எதுவும் கஷ்டம் இல்ல" என்றார். செருப்பில்லாத கால் விறைத்துப்போயிருந்தது.

இரண்டாம் நாள்

சிவனாக ஆடுகிறவர் முதலில் சிவன் பாதத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது மாமாவின் சொந்தச் சட்டம். வேறு யாரும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. ஆகவே இரவு பதினொன்றரைக்கு நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை ஏறத் தொடங்கினோம். அவர் வெறுங்காலோடு. நான் போன மாதம் வாங்கிய சப்பாத்தோடு, வெட்கத்தோடும்.

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்வரை இங்கே யாத்திரைக் காலம். வழி முழுக்க விளக்கு. கீழிருந்து பார்த்தால் மலைக்கு யாரோ மாலை போட்டதுபோல் இருக்கும். வெள்ளை உடுத்த சிங்களக் கிழவிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கருணை வேண்டிப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். அவர்களுக்கு இது புத்தர் பாதம், மலையைக் காப்பவர் சமன் தெய்யோ. முஸ்லிம்களுக்கு ஆதம் நபி இறங்கிய மலை, 14ஆம் நூற்றாண்டில் இபுன் பதூதா ஏறியிருக்கிறார். நமக்குச் சிவன். பெயர்ப் பலகையில் எந்தப் பேர் இருக்கவேண்டும் என்று கீழே சண்டை வரும். ஏறும்போது யாருக்கும் அதற்கு மூச்சு இருக்காது.

உயரம் 2,243 மீட்டர். கடைசி முந்நூறு படி ஏணிபோல நிற்கும். அங்கே ஒரு கிழவி என் முழங்கையைத் தட்டி இஞ்சித் துண்டு கொடுத்தார். மாமா முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

மேலே மணி. எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தரம் அடிக்கவேண்டும். நான் ஒன்று. மாமா பதினாறு அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து இன்னொன்று அடித்தார். "சின்னதுல ஒங்கம்மாவோட வந்தத விட்டுட்டேன்."

பாதம் என்று நாம் பார்ப்பது துணி போர்த்திய கல். உண்மையான சுவடு அதற்குக் கீழே பாறையில் இருக்கிறது என்பார்கள். ஐந்து நொடிதான் நிற்க விடுவார்கள். விடிந்ததும் மேற்கே மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழுந்தது. எல்லாரும் போனைத் தூக்கினோம். மாமா மட்டும் கிழக்கே பார்த்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டாராம். எதற்கு என்றேன். "நாளக்கழிச்சு அவரு பேர்ல ஒரு பாவம் பண்ணப்போறேன்ல."

மூன்றாம் நாள்

கால் நகரவில்லை. இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மஸ்கெலியாவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போனோம். மவுஸ்ஸாக்கலை அணைக்காக 1960களின் கடைசியில் பழைய மஸ்கெலியா டவுனையே தண்ணீருக்குள் விட்டார்கள். மாசி, பங்குனியில் நீர் வற்றும்போது பழைய முருகன் கோயில் வெளியே வரும். இந்த முறை இடுப்பளவு வந்திருக்கிறது. சேறு பூசிய கருங்கல், தலையில் கொக்கு.

அதைப் பார்த்துக்கொண்டு மாமா சொன்னார்: "இவரு பொறந்ததும் தண்ணியிலதானே." சரவணப் பொய்கையைச் சொல்கிறார். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறி. தாங்கமுடியாமல் வாயுவும் அக்கினியும் கங்கையில் விட, கங்கை சரவணத்தில் சேர்க்க, ஆறு குழந்தை. எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதே கண்தான் அதற்கு முன்னால் மன்மதனை எரித்தது என்பதை நான் அதுவரை சேர்த்து நினைத்ததே இல்லை. சூரபத்மனைக் கொல்லச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும். சிவனோ யோகத்தில் இருக்கிறார். யோகத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். எரிந்துபோகிறான். அவன் எரிந்ததால்தான் கல்யாணம், கல்யாணத்தால்தான் கண்ணிலிருந்து பிள்ளை. நாம் வேல் பிடித்த பிள்ளையைக் கும்பிட்டுக்கொண்டே, அந்தப் பிள்ளைக்காகச் செத்தவனை மறந்துவிடுகிறோம்.

புது டவுன் முருகன் கோயிலில் திருநீறு வாங்கி, பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு.

நான்காம் நாள்

தோட்டத்தின் பேரை எழுதவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். ஒரு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பன்னிரண்டு காம்பிரா (அறை), தகரக் கூரைமேல் கல்லும் பழைய டயரும், தேயிலை ஸ்டோர் வாசம். அது போதும்.

கூத்தாடும் காமன் பொட்டல், பிள்ளைமடுவத்துக்கு (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பின்னால். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் நட்ட கம்பம் நிற்கிறது: கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் எல்லாம் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி. அதுதான் மன்மதன். ஆடுகிறவன் வேறு, இது வேறு. எரிப்பது இதைத்தான். ஒவ்வொரு இரவும் தப்பு (பறை) அடித்து அதைச் சுற்றி ஆடி வருகிறார்கள். ரதியும் மன்மதனும் கல்யாணம் முடித்து லயம் லயமாக வருவார்கள். வாசலில் ஆரத்தி, தட்டில் காசு. நேற்று ஒரு வீட்டில் ரதிக்கு வளையல் போட்டுவிட்டார்களாம். ரதி, லொறி ஓட்டுகிற இருபத்தாறு வயதுப் பையன். மீசையை எடுத்ததற்கு அவனுடைய மனைவி இன்னும் பேசவில்லை.

இரவு மாமா கதை சொன்னார். நான் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் வாசித்தவன் என்ற மிதப்பில் இருந்தேன். கரும்பு வில், வண்டு நாண், தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்று ஐந்து பூக்கணை, தென்றல் தேர், நிலாக் குடை. இதெல்லாம் மாமாவுக்கும் மனப்பாடம். ஆனால் அவர் நின்ற இடம் வேறு. அவருக்கு இது குடும்பத் தகராறு.

"மன்மதன் யாரு? திருமாலு மகன். பார்வதி யாரு? திருமாலுக்குத் தங்கச்சி. அப்ப சிவன் மன்மதனுக்கு என்ன முறை?"

"அத்தை புருஷன். மாமா."

"ஆங். மாமன் மருமவன எரிச்ச கதை இது." என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

கந்தபுராணத்திலும் மன்மதன் துள்ளிக் குதித்துப் போவதில்லை. முடியாது என்கிறான். போகாவிட்டால் சபிப்பேன் என்று பிரமன் மிரட்டுகிறான். சாபத்தில் சாவதைவிடச் சிவன் கையால் சாவது மேல் என்றுதான் கிளம்புகிறான். மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அதற்குக் கீழே இருக்கிற ஒருவனை அனுப்புகிறார்கள். போனாலும் சாவு, போகாவிட்டாலும் சாவு. புராணத்தில் இது சில பாட்டு. கூத்தில் இதுதான் பாதி இரவு. ஓலை வருகிறது, ரதி கெட்ட கனவு கண்டேன் போகாதே என்கிறாள், அவன் போகத்தான் வேண்டும் என்கிறான், திரும்பவும் போகாதே என்கிறாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இடத்தை ஏன் இவ்வளவு இழுத்து ஆடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "நீ ரொம்பப் படிச்சிட்ட, தூங்கு" என்றார்.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கந்தபுராணம் எங்கள் கலாசாரம் என்று அடிக்கடி சொல்வார். அங்கே கோயில்களில் புராண படனம் உண்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். சூரன்போரில் தலை விழும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதே புராணத்தின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு இங்கே அழுகிறார்கள்.

ஐந்தாம் நாள்

போயா, பௌர்ணமி விடுமுறை. வேலை இல்லை, சாராயக் கடையும் இல்லை. (முன்கூட்டியே வாங்கி வைத்தவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை.) அத்தைக்கு வருத்தம், இதே நாட்களில்தான் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசிமகத் தேர், ஐந்து தேர் ஓடும். காமனா தேரா என்று ஒவ்வொரு மாசியிலும் வீட்டில் ஒரு வாக்குவாதம்.

பின்னேரம் மாமா ரதியாக ஆடும் பையனின் வீட்டுக்குப் போனார், நானும் கூட. அவனுடைய அம்மாவிடம் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, "பாத்து எரிங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பத்து மணிக்குத் தப்பு ஏறியது. நான்கு தப்பு, ஒரு டோலக். குளிரில் தோல் தளர்ந்துவிடும், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறார்கள். காய்ந்த தப்பின் முதல் அடி வயிற்றில் விழும். மன்மதன் கிளிப்பச்சைச் சட்டை, காகிதக் கிரீடம், கையில் நிஜக் கரும்பு. குறவன் குறத்தி வந்து ஒரு மணிநேரம் கெட்ட வார்த்தை பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் அலுத்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது, ஆகவே குறை என்னிடம்தான்.

மாமா பொட்டலின் கிழக்கே மூங்கில் பரணில் ஏறி உட்கார்ந்தது பதினொன்றுக்கு. புலித்தோலுக்குப் பதில் புள்ளிபோட்ட போர்வை. உடம்பெல்லாம் நீறு. கண்ணை மூடினவர் மூன்று மணிவரை திறக்கவில்லை. அந்தக் குளிரில், வெற்றுமேனியோடு. கீழே கல்யாணமும் சண்டையும் கேலியும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவர் அசையவில்லை. முந்தாநாள் மலையில் பார்த்த கல்லுக்கு இதைவிட உயிர் இருந்தது. யாருக்கும் இந்த வேஷம் ஏன் வேண்டாம் என்று எனக்கு ஒரு காரணம் கிடைத்தது: நான்கு மணிநேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும், பிறகு செய்யும் ஒரே காரியத்துக்குத் திட்டு வாங்கவேண்டும்.

திட்டு என்றால் சும்மா இல்லை. மன்மதன் பரணை நெருங்க நெருங்க, முன்வரிசைப் பெண்கள் மாமாவைப் பேர் சொல்லியே தொடங்கிவிட்டார்கள். "நீயெல்லாம் ஒரு மாமனா?" "பொம்பள தாலிய அறுக்கத்தான் தவம் இருந்தியா?" எண்பத்திரண்டு வயது அம்மாயி, என் பக்கத்தில் கம்பளியில் சுருண்டிருந்தவர், தன் சொந்த மகனைப் பார்த்து, "ஒன் கண்ணு அவிஞ்சு போக" என்றார். தினமும் காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி, சிவாயநம சொல்லாமல் தேத்தண்ணி குடிக்காத மனுஷி.

பூக்கணை விட்டான். மாமா கண் திறந்தார். பரணிலிருந்து கம்பத்துக்கு ஒரு கம்பி, அதில் எண்ணெயில் நனைத்த துணிப்பந்து தீயோடு ஓடியது. பாதியில் நின்றது. ஐயோ என்று எல்லாரும். யாரோ தடியால் தள்ள, போய்ச் சேர்ந்தது. வைக்கோல் பற்றியது. தப்பு அப்படியே நின்றது.

அதற்கப்புறம் ரதி. லொறி ஓட்டும் பையன் தலையை விரித்துக்கொண்டு, வளையலை உடைத்துக்கொண்டு, எரிகிற கம்பத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்தான். உடைந்த ஆண் குரல்தான். பாட்டில் மன்மதன் போனபின் கரும்பும் கிளியும் பூவும் யாருக்கு என்று கேட்கிறாள். காரியம் முடிந்ததும் அனுப்பினவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறாள். மேலே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, நீயும் ஒருத்தியோடு வாழப்போகிறவன்தானே என்று கேட்கிறாள். பரணில் பதில் இல்லை. மாமா கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

என்னைச் சுற்றிப் பெண்கள் கூடவே அழுதார்கள். ஒவ்வொருத்தியும் ரதியின் வரிக்குள் தன் ஆளின் பேரைப் போட்டு அழுதாள். லயத்தில் போன வருடம் மண்சரிவில் போன பிள்ளை, சவூதியில் இருக்கும் மகள். அம்மாயி அழுதது அவருடைய அக்காவுக்கு. இந்தியாவில் கூடலூரிலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. "கோச்சி வாசல்ல நின்னு கைய ஆட்டுனா. நான் ஆட்டல. கையில புள்ள" என்றார். அந்தப் பிள்ளை என் அம்மா.

ஆறாம் நாள்

காலையில் பொட்டலில் கறுப்பு வட்டம், ஓரத்தில் கரும்புச் சக்கை. வெறும் சாம்பல். ஆனால் லயத்தில் எல்லாரும் வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார்கள். நெற்றியில் பூசினால் காய்ச்சல் அண்டாது, குழந்தை பயப்படாது. மன்மதன் இனி ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், உடம்பில்லாதவன், அநங்கன் என்பது சிவன் கொடுத்த வரம். மற்றவர்களுக்குச் சாம்பல்.

காவிரிக் கரையில், மயிலாடுதுறைப் பக்கம், குறுக்கை என்ற ஊரில்தான் சிவன் மன்மதனை எரித்தார் என்று சொல்வார்கள். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்று, அப்பர் பாடிய தலம். அங்கே அது வீரம். அந்தப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த சனம், மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து பாதி வழியில் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்த சனம், கதையை மட்டும் கொண்டுவந்து வீரத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு குழாயடியில் பல் துலக்கினேன். இதை மாமாவிடம் சொல்லவில்லை.

மாமா குளித்து, சட்டை போட்டு, செருப்பும் போட்டிருந்தார். அம்மாயி அவருக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக் கொடுத்தார், இரவு சொன்ன எதுவும் சொல்லப்படாத மாதிரி. இருமிக்கொண்டே தின்றார். மூன்றாம் நாள் மன்மதனை எழுப்புவார்கள், பால் தெளித்து, பாட்டுப்பாடி. "அதுக்கு இருந்துட்டுப் போயேன்" என்றார். லீவு இல்லை. "எரிக்கிறதுக்கு லீவு போடுறானுக, எழுப்புறதுக்கு ஒருத்தனும் இருக்கமாட்டேங்கிறானுக" என்று அத்தையிடம் சொன்னது கேட்டது.

கிளம்பும்போது அம்மாயி ஒரு பொட்டலம் தந்தார். பேப்பரில் மடித்த காமன் சாம்பல். "ஒங்கம்மாகிட்ட குடு. பத்திரம்."

கொழும்பு வந்து சேர ராத்திரியாகிவிட்டது. பையைத் திறந்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலம், இரண்டும் வீரகேசரிப் பேப்பர். ஒன்று மஸ்கெலியா முருகன் கோயில் திருநீறு, மற்றது மன்மதன். திருநீறு வெள்ளையாக இருக்குமே என்று பிரித்துப் பார்த்தேன். மழையில் இரண்டும் நனைந்து ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன.

அம்மா வாங்கி இரண்டையும் சாமித்தட்டில் இருந்த டப்பாவில் கொட்டினாள். விரலால் கிளறி நெற்றியில் வைத்துக்கொண்டு, "சிவனா அண்ணன் எப்படி ஆடுச்சு?" என்று கேட்டாள்.

"ஆடவே இல்லை. உட்கார்ந்திருந்தார்."

"அம்மா திட்டுச்சா?"

"திட்டினா."

"எங்கப்பா ஆடுறப்பவும் திட்டும்" என்றாள்.